பக்கெட் தண்ணீரில் வெந்த பருப்பு

சேலையில் பட்டுவிட்டதா அக்கா? இப்படித் திரும்புங்கள், துடைத்துவிடுகிறேன். வெறும் பருப்புச் சாதம்தான், கறை நிற்காது. தபி, ஆன்ட்டி மேல் துப்பலாமா? பாருங்கள், செய்வதையும் செய்துவிட்டுச் சிரிக்கிறாள். இவள் இப்படித் துப்புகிறவளே இல்லை அக்கா. பருப்பு என்றால் உயிர். இன்றைக்கு என்னவோ சரியாக மசியவில்லை, விரலால் நசுக்கினால் நழுவி ஓடுகிறது.

பழம் வேண்டாம் அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியில் யார் எது கொடுத்தாலும் நான் இவளுக்குக் கொடுப்பதில்லை. எந்த ஊர்ப் பழமோ, எந்தத் தண்ணீர் பாய்ந்த தோட்டமோ. நீங்கள் நல்லவர்தான், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் வாழைமரத்துக்கு உங்களைத் தெரியாதே. அது குடித்ததைத்தானே காய்க்கும்.

நான் பாட்டுக்குச் சிரிக்கிறேனே, பயந்துவிட்டீர்களா? வேலூரில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதிலிருந்து இப்படித்தான். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "இன்னாம்மா, லாட்டரி கீட்டரி வுழுந்துச்சா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும் அக்கா. நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? திருப்பத்தூரா? அப்போது நிறைய நேரம் இருக்கிறது.

என் பெயர் ஹெலன். சொந்த ஊர் ஏற்காடு. கான்வென்ட்டில் படித்தவள். அங்கே தண்ணீர் பாறையிலிருந்து சொட்டும், கையை ஏந்திக் குடிப்போம், பல் கூசும். தண்ணீரைப் பார்த்து ஒருவர் பயப்பட முடியும் என்பதே எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் எபினேசர். தோல் ஃபேக்டரிகளின் கழிவுத் தண்ணீரெல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சுத்தமாகுமே, அப்படி ஒரு ப்ளான்ட்டில் ஷிப்ட் இன்சார்ஜ். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். மற்ற பெண்களிடம் மாப்பிள்ளை என்ன கேட்பார், சமைப்பாயா, பாடுவாயா என்று கேட்பார். இவர் மெம்பரேன் பற்றிப் பேசினார்.

"அது ஒரு சவ்வு மாதிரிங்க," என்றார். "பாய் சுருட்டுற மாதிரி சுருட்டிக் குழாய்க்குள்ள வெச்சிருப்போம். மோட்டார் வெச்சு அழுத்தித் தள்ளணும். தண்ணி மட்டும் நுழையும். குரோமியம், ஈயம், உப்பு எல்லாம் வாசல்லயே நின்னுடும்."

"நின்றுவிட்டு எங்கே போகும்?" என்று நான் கேட்டேன்.

யாருமே அவரை அதுவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குத் தனி வழிங்க. ஒரு வழியில நல்ல தண்ணி, இன்னொரு வழியில கழிவு. ரெண்டும் மாறவே கூடாது. எங்க வேலையே அதுதான்."

அதற்கு முன்னாலேயே கொழுப்பு, ரத்தம், முடி, தோலைப் பதப்படுத்துகிற மரப்பட்டைச் சாறு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் மெம்பரேன் மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். செத்துவிடும் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது அக்கா. ஒரு சவ்வுக்கே இப்படி உருகுகிற மனுஷன் பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். கீழே வந்து சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாய் வாங்கிக்கொள் கண்ணா. ஆ காட்டு. பாருங்கள், வாய்க்குள் வைத்துக்கொண்டே இருக்கிறாள், முழுங்கமாட்டேன் என்கிறாள்.

கல்யாணமாகி இவர் ஊருக்கு வந்து பார்த்தால் எங்கள் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. பக்கத்தில் போனால் ஒரு ஈர வாடை. ஊருக்கே அது பழகிவிட்டது. அந்தத் தண்ணீரில் டீ போட்டால்தான் டீ மாதிரி இருக்கும் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் குழந்தை வரும்வரை கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இவள் பிறந்த பிறகு என்னால் முடியவில்லை. குளிப்பாட்டும்போது இவள் வாயைத் திறந்தால்கூடக் கையால் பொத்திவிடுவேன். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். நன்றாகக் கொதிக்கவைத்தேன், பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும்வரை. இவர் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, "ஹெலன், கிருமி செத்துடும். ஆனா குரோமியத்துக்கு உசுரே கிடையாதே, எப்படிச் சாகும்? நீ தண்ணியை விரட்டிட்டு அதை மட்டும் கெட்டியாக்கி வெச்சிருக்க," என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு மல்லிகா தபிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்துவிட்டாள்.

அப்புறம்தான் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின் கேட்டேன். அது என் யோசனை அக்கா, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என் மாமியார் எல்லாப் பேரையும் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடை மிஷின் எல்லாம் டப்பா என்று சொல்லி, பாகம் பாகமாக வாங்கிவந்து இவரே சேர்த்தார். முதலில் ஒரு கரி நிரப்பிய குழாய். அது மஞ்சளையும் வாடையையும் மக்கிப்போன அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மோட்டார், அப்புறம் மெம்பரேன். அங்கிருந்து இரண்டு ட்யூப், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ஒன்றை அடுப்பு மேடையில் இருந்த எவர்சில்வர் டிரம்மில் விட்டார். இன்னொன்றைக் கீழே பிளாஸ்டிக் பக்கெட்டில் விட்டார். டிரம் நல்ல தண்ணீர், பக்கெட் வேஸ்ட். கரி முதலிலேயே வேலையை முடித்துவிடுவதால் இரண்டும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், வித்தியாசமே தெரியாது.

முதல் டம்ளரை நான்தான் குடித்தேன். ஜெபம் பண்ணிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். அப்படியே ஏற்காடு பாறை அக்கா. நாக்கில் லேசாக ஒரு கரிப்பு இருந்தது. கேட்டதற்கு, "அது மினரல்," என்றார். மினரல் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இன்னும் இனித்தது.

மிஷினில் இன்னொரு அதிசயம் இருந்தது. ஊரில் எல்லா மிஷினிலும் ஒரு பங்கு நல்ல தண்ணீர் வந்தால் மூன்று பங்கு வேஸ்டாகப் போகும். எங்கள் வீட்டில் டிரம் மடமடவென்று நிறையும், பக்கெட் சொட்டுச் சொட்டாக நிறையும். "பாரு, நான் போட்டா தலைகீழ்," என்று இவருக்கு ஒரே பெருமை. ப்ளான்ட் ஆட்கள் பார்க்க வந்தார்கள். நான் கேசரி செய்தேன். எல்லாரும் மிஷினைச் சுற்றி நின்று கேசரி சாப்பிட்டுக்கொண்டே, "எப்படிண்ணே?" என்று கேட்டார்கள். இவர் மோட்டார் பிரஷரைப் பற்றி ஏதேதோ சொன்னார். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற மீட்டர் ஒன்று வைத்துப் பார்த்துவிடுங்களேன் என்றேன், தனியாகத்தான் கேட்டேன். "வேலையில நூறு மெம்பரேன் பார்க்கறவன் ஒண்ணுக்கு மீட்டர் வெப்பனா?" என்றார். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லவில்லையே. ரூத்தம்மா. ஒரு சொட்டுத் தண்ணீரையும் கீழே கொட்டவிடமாட்டார்கள். பக்கெட் நிறைய நிறைய எடுத்துப் போய்த் துணி துவைப்பார்கள், தரை துடைப்பார்கள், தலைகூடக் குளிப்பார்கள்.

"இன்னாம்மா ஹெலனு, இந்த பக்கெட்டு தண்ணில சோப்பு இன்னாமா நுரைக்குது பாரேன். பாதி சோப்பு போதும்போலக் கீது."

"வேஸ்ட் தண்ணியில கெமிக்கல் ஜாஸ்தி அத்தை, அதான் நுரைக்குது," என்றேன் நான். கான்வென்ட்டில் படித்தவள் இல்லையா.

"முடி பாரு, பட்டு மாதிரி கீது."

"கெமிக்கல் அத்தை."

டிரம் தண்ணீரை ஸ்பூனில் கொண்டுபோனால் தபி உதட்டை இறுக்கிக்கொள்வாள். பிடிவாதக்காரி, அப்பாவைப் போல என்று நினைத்துக்கொண்டேன். பால் ஊற வேண்டும் என்று அவள் பங்கையும் சேர்த்து நானே குடித்தேன். சொம்பு சொம்பாகக் குடித்தேன். தாகம் அடங்கவே அடங்காது. ஆனால் பாட்டி ஊட்டினால் மட்டும் பருப்புச் சாதம் கிண்ணத்தோடு உள்ளே போகும். அந்தப் பருப்பு அப்படி வெந்திருக்கும் அக்கா, வெண்ணெய்தான். நான் வேகவைத்தால் கல் மாதிரி நிற்கும். எனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று மாமியார் மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் துணி காயப்போட்டுவிட்டு அடுக்களைக்குள் வந்தேன். மாமியார் குனிந்து, சொம்பை பக்கெட்டுக்குள் விட்டு மொண்டு, குக்கரில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தபியின் பருப்பு.

என் கையிலிருந்த கிளிப்பெல்லாம் கொட்டிவிட்டது.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"பருப்பு வேக வெக்கறேன். உன் டிரம்மு தண்ணில வேகுதா அது? மூணு விசில் வுட்டாலும் மொறைச்சுக்கினு நிக்குது. இதுல வெச்சா ஒரே விசில்ல கொழஞ்சு போவுது."

"எவ்வளவு நாளா?"

"மிஷினு வந்ததுலேர்ந்துதான். குடிக்கக்கூட கொழந்த இத்தத்தான் குடிக்குது. நீ குடுக்கறது அதுக்குப் புடிக்கல."

அப்புறம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. ஊரில் இருக்கிற விஷத்தையெல்லாம் வடிகட்டி ஒரு பக்கெட்டில் சேர்த்து வைத்தோம், அதை என் குழந்தைக்கு ஊட்டிவிட்டீர்களே என்று கத்தினேன். மாமியார் சொம்பைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் செருப்புகூடப் போடாமல் தபியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன், இதே பஸ்தான். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றபோது இவள் என் தாலிச் சங்கிலியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நகத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இவள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். மூத்திரம் பிடித்தார்கள். ரிசல்ட் வரும்வரை மாமியார் சாப்பிடவே இல்லை. இவர் ஷிப்ட்டுக்குப் போவதும் வருவதும் சத்தமில்லாமல் இருக்கும். நான் இவளை மடியை விட்டு இறக்கவில்லை. ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு என்றுதான் ஜெபம் பண்ணினேன்.

ரிசல்ட் சொல்லக் கூப்பிட்டார்கள். அந்த டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சொன்னார்கள், "ஒண்ணுமே இல்லம்மா. எங்ககிட்ட உங்க ஊர்க் குழந்தைங்க நிறைய வருது, இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்ல. இவளுக்கு இதுவரைக்கும் என்ன தண்ணி குடுத்தீங்களோ, அதையே குடுங்க."

"வேஸ்ட் தண்ணிங்க டாக்டர், அது," என்றேன்.

"என்ன?"

"நாங்க குடுத்தது வேஸ்ட் தண்ணி."

டாக்டரம்மா கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். இன்னொரு முறை டெஸ்ட் பண்ணுங்கள் என்று நான் சண்டை போட்டேன் அக்கா. குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டரோடு சண்டை போட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "நீங்க கொஞ்சம் தூங்கணும்மா," என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்குக் கான்வென்ட்டில் சயின்ஸ் எடுத்த சிஸ்டர் பெர்னதெத் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் இரண்டு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கச் சொன்னார்கள். உப்பு இல்லாத தண்ணீர் நுரைக்கும், உப்புத் தண்ணீர் திரிந்து போகும். நான் குலுக்கிய பாட்டிலின் மூடி பறந்து சிஸ்டரின் முக்காட்டில் விழுந்தது. அதற்காக முட்டி போட்டதுதான் அதுவரை எனக்கு ஞாபகம் இருந்தது, பாடம் மறந்துவிட்டது.

பாதி சோப்பு போதும்போலக் கீது. முடி பாரு, பட்டு மாதிரி. ஒரே விசில்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தபியை மாமியார் மடியில் போட்டேன். இரண்டு பாட்டில் எடுத்தேன். ஒன்றில் டிரம் தண்ணீர், ஒன்றில் பக்கெட் தண்ணீர், இரண்டிலும் துணி சோப்பு. குலுக்கினேன். டிரம் தண்ணீர் பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு துணுக்காக நின்றது. பக்கெட் தண்ணீர் பொங்கிப் பொங்கி, பாட்டில் கழுத்தைத் தாண்டி, என் கையெல்லாம் வழிந்து, மேடையில் ஓடி, தரையில் சொட்டியது. தபி கையைத் தட்டிக்கொண்டு கத்தினாள். நான் நுரையை அள்ளி அவள் மூக்கில் வைத்தேன். மாமியார் மூக்கிலும் வைத்துவிட்டேன் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து அவர்களை நான் தொட்டதே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இன்னாம்மா ஆச்சு உனக்கு? கொழந்தைக்கு இன்னா சொன்னாங்க?"

"அத்தை, குழந்தை நல்லா இருக்கா. பக்கெட்தான் நல்ல தண்ணி. இனிமே எல்லாத்துக்கும் பக்கெட் தண்ணிதான். டிரம்மைத் தொடாதீங்க."

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்புறம், "நான்தான் அன்னிக்கே சொன்னனே," என்றார்கள். அன்றைக்கே, இவர் ஷிப்ட் முடிந்து வருவதற்கு முன்பே, குடியாத்தத்தில் தங்கை வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கதை சொல்லத்தான், வேறெதற்கு. பேத்தியைக் காப்பாற்றிய கதையை அந்தத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு நேற்றுத்தான் திரும்பி வந்தார்கள்.

இவரா? இவர் அன்று ஷிப்ட் முடிந்து வந்ததும் இரண்டு பாட்டிலையும் முன்னால் வைத்தேன். குலுக்கிக் காட்டினேன். பார்த்தார். டிரம்முக்குப் போகிற ட்யூபைப் பார்த்தார், சிவப்பு. பக்கெட்டுக்குப் போவதைப் பார்த்தார், நீலம். செருப்பைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ப்ளான்ட்ல சிவப்புதான் ஹெலன் நல்ல தண்ணி," என்றார். "ஆரம்பத்துல யாரோ பெயின்ட்டை மாத்தி அடிச்சிட்டாங்க, அப்படியே பழகிடுச்சு. கடையில வாங்குற ட்யூபுக்கு நீலம்தான் நல்ல தண்ணி. எனக்குக் கை தன்னால போயிடுச்சு."

"ரெண்டும் மாறவே கூடாதுன்னு மாடியில சொன்னீங்களே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். அன்றைக்கே, நான் பார்க்கப் பார்க்க, ட்யூபை மாற்றிப் போட்டார். சிவப்பு பக்கெட்டுக்கு, நீலம் டிரம்முக்கு. இந்த முறை ப்ளான்ட்டிலிருந்து மீட்டர் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். டிரம் நிறைய இப்போது அரை நாள் ஆகிறது. ப்ளான்ட் ஆட்களிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். உங்களிடம் சொன்னதில் தப்பில்லை, நீங்கள் திருப்பத்தூர்தானே.

சிரித்து முடித்துவிட்டுப் படுத்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை பக்கெட்டைக் குடித்தாள் சரி, டிரம்மை யார் குடித்தது? நான். சொம்பு சொம்பாகக் குடித்தேன். அதுதானே பாலாகி இவளுக்குப் போனது? மறுநாளே இதே ஆஸ்பத்திரிக்கு வந்து என் ரத்தத்தைக் கொடுத்தேன். பால் கொடுப்பதை நிறுத்தினேன். மார்பு கல்லாகக் கட்டி வலித்தது. இவள் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து அழுவாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்றைக்குத்தான் சொன்னார்கள். "ஊரே குடிக்கறதை விடக் கொஞ்சம் கூட உப்பா குடிச்சிருக்கீங்க. அதனாலதான் அந்தத் தாகம். ரத்தத்துல பயப்படற மாதிரி எதுவும் இல்ல. பால் குடுக்கலாம், இப்பவே குடுங்க," என்று. அங்கேயே, டாக்டரம்மா அறையிலேயே கொடுத்தேன். இவள் குடித்த வேகத்தைப் பார்த்து நர்ஸ் சிரித்தாள். நான் சிரித்தேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை அக்கா, அவ்வளவுதான் விஷயம். எல்லாம் ஜெயித்தாகிவிட்டது. மெம்பரேன் சரி, ட்யூப் சரி, குழந்தை சரி, நான் சரி. இனி எனக்குப் பயப்பட ஒன்றுமே பாக்கி இல்லை.

இந்தா கண்ணா, கடைசி வாய். ஆ. மறுபடி துப்புகிறாள் பாருங்கள். பாட்டி ஆசையாகக் கட்டிக் கொடுத்தது, வந்ததும் வராததுமாக இன்று காலையில் எழுந்து குக்கர் வைத்து. இவ்வளவு நாள் வெண்ணெய் மாதிரி வேகவைத்தவர்களுக்கு இன்று என்ன வந்தது, ஒரு பருப்புகூட மசிய...

அக்கா, இந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் பிடியுங்கள்.

போன் எங்கே. ஹலோ. அத்தை, நான்தான். நல்ல செய்திதான், வந்து சொல்றேன். அத்தை, இன்னிக்குப் பருப்பு எந்தத் தண்ணியில வேக வெச்சீங்க?

என்ன சொல்கிறார்கள் தெரியுமா? நீங்களே கேளுங்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"பக்கெட்டு தண்ணிலதாம்மா. நீதானே சொன்ன, இனிமே எல்லாத்துக்கும் பக்கெட்டுனு. ஆனா இன்னானு தெரியல, நாலு விசில் வுட்டும் வேகல. சோப்பும் நுரைக்கல. உன் புருசன் மறுபடியும் எதையாச்சும் நோண்டிட்டானா?"

இல்லை அக்கா, அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் குடியாத்தத்தில் இருந்தார்களே. நான் சொல்லியிருக்க வேண்டும், நான் ஊருக்கெல்லாம் சொன்னேன், உங்களுக்குக்கூடச் சொல்லிவிட்டேன். அத்தை, குக்கர்ல இருக்கறதைக் கொட்டிடுங்க. டிரம் அத்தை, டிரம். ஆமாம், மறுபடியும் டிரம். அழாதீங்க, ஒண்ணும் ஆகல, உங்க பேத்தி ஒரு வாய்கூட முழுங்கல. எல்லாம் பக்கத்துல இருக்கறவங்க சேலையிலதான் இருக்கு.

கிண்ணத்தை ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுங்கள் அக்கா. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கொட்டுங்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தபியும் சிரிக்கிறாள். இவள் வயிறு காலி, எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ்ஸைத் தூக்கிவிடுவாள்.

அந்தப் பழத்தைக் கொடுங்கள் அக்கா. எந்த ஊர்ப் பழம் என்று சொல்லாதீர்கள், நான் கேட்கப்போவதில்லை. நீங்களே உரித்துக் கொடுத்துவிடுங்கள், என் கையெல்லாம் அந்தப் பருப்பு.